வலி நின்ற மத்தியானம்

செம்புக் காப்பு போட்டால் கைவலி போகுமா என்று இப்போதும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். மீன் ஏலத்தில் கேட்கிறார்கள், படகில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார்கள். என் இடது கையைப் பார்த்த பிறகும் கேட்கிறவர்கள் உண்டு. போகும், போகாது என்று ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொன்னால் கேட்கிறவர்களே முடிவு செய்துகொள்ளலாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் செல்வி எழுதுகிறாள். பேச்சு அங்கே இங்கே போனால் வெட்டிவிடுவேன் என்கிறாள். வெட்டாதே என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் பசியாவரம். சுற்றிலும் ஏரித் தண்ணீர். சின்ன வயதிலிருந்து வலை இழுக்கிறேன். இழுத்து இழுத்து இடது மணிக்கட்டில் ஒரு வலி தங்கிவிட்டது. அது வீட்டு நாய் மாதிரி. போ என்றால் கொஞ்சம் தள்ளிப் போய்ப் படுக்கும், சோறு வைக்கும் நேரத்தில் திரும்பி வந்துவிடும். அதோடு வாழப் பழகியிருந்தேன். செல்விக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் பொன்னேரியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். கடை வாசலில் ஒரு வேன்காரன் மைக் வைத்து காப்பு விற்றிருக்கிறான். செம்பு, இரண்டு முனையிலும் காந்தம். ரத்தம் நன்றாக ஓடும், மூட்டு வலி, முழங்கை வலி, கழுத்து வலி எல்லாம் போகும் என்று சொன்னானாம். வாங்கி வந்து அவளே என் கையில் மாட்டிவிட்டாள்.

என் பெண்சாதி கன்னியம்மா அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாளா?

"வயசான காலத்துல வளையல் போட்டுக்கினு எந்த ஊருக்குப் பொண்ணு பாக்கப் போற?"

"கெடச்சா உனக்கும் ஒத்தாசையா இருக்கும்ல?"

"வரட்டும். மொதல்ல அவள மீன் கூடையத் தூக்கச் சொல்லு."

பத்து நாளில் வலி குறைந்தது. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே குறைந்தது. ஒரு மாதத்தில் மணிக்கட்டில் அப்படி ஒன்று இருந்ததே மறந்துபோனது. ஊரில் நாலு பேர் செல்வியிடம் காசு கொடுத்து அதே காப்பை வாங்கி வரச் சொன்னார்கள். அந்தச் சமயத்தில் மூன்று மாதம் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை, இறால் இல்லை. எங்கள் பக்கம் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்வோம், அதற்குப் பாடு என்று பேர். எனக்குப் பாடு வந்த நாளிலும் வலையில் பாசிதான் வந்தது. ஆக அந்த மூன்று மாதமும் நான் வலையை இழுத்ததே கொஞ்சம். கை ஓய்வில் இருந்தது. அதனால் வலி குறைந்திருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது காப்பு ஒன்றுதான்.

ஐப்பசி மழையில் முகத்துவாரம் திறந்துகொண்டது. என் பாட்டில் நல்ல இறால். படகில் உட்கார்ந்து வலையைப் பிரிக்கும்போது ஒரு கெளுத்தி திரும்பி, இடது கட்டை விரலின் அடிச்சதையில் முள்ளை ஏற்றிவிட்டது. கெளுத்தி முள் ரம்பம் மாதிரி இருக்கும். உள்ளே போகும்போது சுலபமாகப் போகும், வெளியே வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும். பிடுங்கி எறிந்தேன். வீட்டுக்கு வந்ததும் கன்னியம்மா வெந்நீர் வைத்துக் கையை அதில் முக்கினாள். எல்லோரும் செய்வதுதான்.

கெளுத்தி குத்தின வலி தண்ணீரோடு கூட்டு என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறினால் வலியும் ஏறும். தண்ணீர் திரும்பினால் வலியும் திரும்பும். குத்துப்பட்டவனைப் பார்க்க வருகிறவர்கள் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. தண்ணி திரும்பிச்சா என்றுதான் கேட்பார்கள். நானே எத்தனையோ பேரை அப்படிக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கும் ஆறு ஏழு மணி நேரத்தில் வலி இறங்கியிருக்கிறது.

எனக்குத் தண்ணீர் திரும்பியது, வலி திரும்பவில்லை. மறுபடி ஏறி மறுபடி திரும்பியது. வலி தோள் வரைக்கும் வந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் கை முழங்கை வரை வீங்கி, காப்பு சதைக்குள் புதைந்துகிடந்தது. ஜுரம். அடுப்பில் கையை வைத்து எடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டது போல இருந்தது. கன்னியம்மா டாக்டரிடம் போகலாம் என்றாள். அவளுடைய தம்பி ஆறுமுகம் திண்டாடிப்போய் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"அமாவாச தண்ணி மாமா. பெருசா ஏறும், லேட்டாத்தான் எறங்கும். இன்னிக்கு மத்தியானம் பாரு."

அதையும் சொல்லவேண்டும், அவன் சொன்னது நடந்தது. மத்தியானம் வலி நின்றது.

குறையவில்லை, நின்றது. பக்கத்து வீட்டு ரேடியோவை யாரோ பட்டென்று அணைத்தது போல. வீட்டில் அவ்வளவு நேரமும் ஒரு இரைச்சல் இருந்தது போலவும், அது போன பிறகுதான் கோழி கிளறும் சத்தம் கேட்பது போலவும் இருந்தது. வெளியே நல்ல வெயில். ஏரி தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. நான் சோறு கேட்டேன். முந்தின நாளிலிருந்து சாப்பிடாதவன் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டேன்.

"சொன்னேன்ல மாமா, தண்ணி திரும்பிடுச்சி" என்றான் ஆறுமுகம்.

"தண்ணியாம் தண்ணி! நேத்திலேந்து நாலு தபா திரும்பிச்சே, அப்பல்லாம் இன்னா பண்ணிக்கினு இருந்துச்சி? காப்புதான் மாமா இழுத்துக்கினு போச்சி" என்றாள் செல்வி. அன்றைக்கு அவளுக்குக் கடை லீவு.

இரண்டு பேரும் என் தலைக்கு மேலே சண்டை போட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இதை எழுதும்போது செல்வி பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு வந்தாள். எழுதும்மா, அன்றைக்கு நீ சொன்னதைத்தான் நானும் நம்பினேன்.

அப்போது கன்னியம்மா மீன் விற்றுவிட்டு வந்தாள். கூடையை இறக்கி வைத்தாள். நான் சிரிப்பதைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். அவள் ஏலத்தில் மீன் எடுக்கும்போது கட்டை விரலால் சதையை ஒரு அழுத்து அழுத்துவாள். விரலை எடுத்ததும் பள்ளம் மேலே வந்தால் அந்தப் பெட்டியை எடுப்பாள். பள்ளம் அப்படியே நின்றால் ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்துவிடுவாள். என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் புறங்கையை அதே மாதிரி அழுத்தினாள்.

பள்ளம் விழுந்தது. விரலை எடுத்தாள். நாங்கள் நாலு பேரும் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது மேலே வரவில்லை. அவள் அழுத்தினதே எனக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் தன் விரலை மூக்கில் வைத்து மோந்தாள்.

"கெளம்பு."

"வலியே இல்லடி இப்ப."

"அதான் கெளம்புன்றேன்."

படகில் அக்கரை போனோம். கை என் மடியில் கிடந்தது. யாரோ என்னிடம் கொடுத்து, கொஞ்ச நேரம் வைத்துக்கொள், வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போன பொருள் மாதிரி இருந்தது. தோல் சில இடத்தில் ஊதா, சில இடத்தில் கறுப்பு. கருநாவல் பழம் போல இரண்டு கொப்புளம். பொன்னேரி டாக்டர் உட்காரக்கூடச் சொல்லவில்லை, நேராகச் சென்னைக்குப் போகச் சொன்னார். எந்த ஆஸ்பத்திரி என்று நான் இங்கே பேர் சொல்லவில்லை. நல்ல ஆஸ்பத்திரி, நல்ல ஜனங்கள்.

அங்கே ஒரு நீள நடை. இரண்டு பக்கமும் பெஞ்சு. ஒவ்வொரு பெஞ்சிலும் யாராவது முனகிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினான். ஒரு அம்மாள் தலையைச் சுவரில் மோதினாள். அத்தனை பேருக்கும் நடுவில் நான் மட்டும் அமைதியாக இருந்தேன். அவர்களைப் பார்த்துப் பாவம் என்று நினைத்தேன். டாக்டரம்மா ஒருத்தி வந்தாள், செல்வி வயதுதான் இருக்கும். கையைத் தொடுவதற்கு முன்னால் கேட்டாள்.

"வலி எவ்ளோ இருக்கு ஐயா?"

"வலியே இல்லமா. மத்தியானமே போயிடுச்சி."

அவள் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை. ஏரியில் மேகம் வந்தால் தண்ணீர் நிறம் மாறும், அது மாதிரி.

"மத்தியானம் எத்தனை மணிக்கு?" என்றாள். ஆறுமுகம் தண்ணீர் திரும்பின நேரத்தைச் சொன்னான். அதை எழுதிக்கொண்டு, பெஞ்சில் கத்திக்கொண்டிருந்த எல்லோரையும் விட்டுவிட்டு என்னை முதலில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. வலிக்கிறவர்கள் காத்திருக்க, வலிக்காதவன் முன்னால் போகிறேனே என்று.

காப்பைக் கழற்ற முடியவில்லை. சின்ன ரம்பம் மாதிரி ஒன்றை வைத்து இரண்டு துண்டாக வெட்டினார்கள். வெட்டின இடத்தில் தோலும் கொஞ்சம் வந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த ஏரியில் ஒரு கிருமி உண்டு. காயம் வழியாக உள்ளே போனால், சுகர் இருக்கிற உடம்பில் அது வேகமாகப் பரவும். எனக்குச் சுகர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். அந்தக் கிருமி தோலை விட்டுவிட்டு, தோலுக்கு அடியில் இருக்கிற சதையைத் தின்றுகொண்டே போகும். முதலில் உயிர் போகிற மாதிரி வலிக்கும். அப்புறம் வலியைச் சொல்லுகிற நரம்பையும் தின்றுவிடும்.

"வீட்ல எல்லாரும் சரியாப் போச்சுன்னு நெனைப்பாங்க. அந்த நேரம்தான் ரொம்ப மோசமான நேரம்" என்றாள்.

உடனே கையைத் திறந்து கழுவவேண்டும், தேவைப்பட்டால் மணிக்கட்டோடு எடுக்கவேண்டும், சம்மதமா என்று ஒரு தாளை நீட்டினார்கள். எழுதத் தெரியாதவன் இடது கட்டை விரலை வைக்கவேண்டும் என்பது வழக்கம். ரேஷன் கடையிலும் பேங்கிலும் அந்த விரல்தான் நான். தாள் நீட்டினவர் பழக்கத்தில் மைப் பெட்டியை இடது பக்கம் கொண்டுவந்துவிட்டார். விரலைப் பார்த்ததும் சத்தமில்லாமல் வலது பக்கம் மாற்றினார். அந்தக் கையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இந்தக் கை சொன்னது.

எடுக்கவில்லை. கண் விழித்தபோது பெரிய கட்டுக்குள் விரல் நுனி ஐந்தும் தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன். செத்த சதையை எடுத்துவிட்டார்கள், மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் திரும்பத் திறந்து கழுவினார்கள். ஆனால் முழுசாகப் பிழைத்தது என்று சொல்லவில்லை.

"நிறம் கொஞ்சம் தேவலை. உணர்ச்சி இல்லை. திங்கக்கிழமை வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள வலி வந்தா உடனே சொல்லுங்க. வலி வந்தா நல்லது ஐயா. வரலைன்னா மணிக்கட்டோட எடுக்கிறது தவிர வழியில்லை" என்றாள் டாக்டரம்மா.

வலி வரவேண்டும் என்று காத்திருந்த ஆள் நான் ஒருவன்தான் அந்த வார்டில்.

பகல் நேரம் அங்கே ரொம்ப நீளம். ஜன்னலில் வெயில் வெள்ளையாக நிற்கும், மேலே ஃபேன் சுற்றும். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தேன். வயிற்றின் மேல் யாரோ கை போட்டார்கள். கனமான கை. கன்னியம்மா என்று நினைத்து வலது கையால் பிடித்தேன். விரல்கள் தடித்து, மெத்தென்று, பிடித்தும் பிடிக்காமல் இருந்தன. கண் திறந்தால் கன்னியம்மா தூரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நான் பிடித்திருந்தது என் கையை.

அப்படி ஒரு கையை நான் முன்பு ஒரு தடவை பிடித்திருக்கிறேன். செல்வி பிறப்பதற்கு முன்னால், ஒரு புயல் முடிந்த மூன்றாம் நாள். கால்வாயில் வலை கனத்தது. பெரிய மீன் என்று தண்ணீருக்குள் கையை விட்டேன். ஒரு கை என் கைக்குள் வந்தது. வா என்று கூப்பிடுகிறவன் கையைக் கொடுப்பது போல, விரல் விரலாக வந்து உட்கார்ந்தது. வெளியூர்க்காரன், யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தக் கனம், அந்த மெத்து, அப்படியே இருந்தது இப்போது. முப்பது வருஷம் கழித்து அந்தக் கையைத் திரும்பக் கொண்டுவந்து என் தோளில் தைத்துவிட்டார்களோ என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன். கன்னியம்மாவிடம் சொன்னேன். அவள் உரித்த ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அதன் பிறகு நான் தூங்கும்போதெல்லாம் அதைத் தன் மடியில் வைத்துக்கொள்வாள்.

பக்கத்துக் கட்டிலில் காட்டூர்க்காரர் ஒருவர், கோவிந்தசாமி என்று பேர், நெல் விவசாயம். சுகரில் அவருக்கு வலது பாதம் ஆறு வருஷமாக மரத்துப்போயிருந்தது. ஒரு நடவு முழுக்க உள்ளங்காலில் ஆணியோடு நடந்திருக்கிறார். வீட்டுக்காரம்மா தரையில் டக் டக் என்று சத்தம் கேட்டுக் காலைத் தூக்கிப் பார்த்தாளாம்.

"வலிக்காத காலு மாடு மாதிரிபா. எங்க மேயுதுன்னு நீயே போய்ப் போய்ப் பாக்கணும்" என்பார்.

செல்வி அந்த இரண்டு காப்புத் துண்டையும் தன் பையில் வைத்திருந்தாள். ஒரு நாள் எடுத்துக் குப்பையில் போடப் போனபோது கையிலிருந்து நழுவின. கீழே விழவில்லை. கட்டிலின் இரும்புக் காலில் போய் ஒட்டிக்கொண்டன. அவள் தொடப் பயந்து நின்றுவிட்டாள். கோவிந்தசாமி எட்டிப் பார்த்தார்.

"அந்தத் துண்டக் குடு பாப்பா. தோள்பட்ட ஒரே புடிப்பா கீது."

"வாணாம்பா. என் கதையப் பாத்தும் கேக்கறியே?" என்றேன்.

"உன்ன கெளுத்தி குத்திச்சி. என்ன இன்னா குத்திச்சி? குடு."

பஞ்சுத் துணியால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். சாயங்காலமே தோள் லேசாகிவிட்டது என்றார். டாக்டரம்மா வந்தபோது நானே கேட்டேன்.

"மெய்யாலுமே போவுதா டாக்டரம்மா? எனக்கும் மொதல்ல போச்சே."

அவள் திட்டவில்லை. "அன்றாட வலி தானா ஏறும், தானா எறங்கும் ஐயா. ரொம்ப அதிகமா இருக்கும்போதுதான் நாம ஏதாவது போட்டுக்கறோம். அதுக்கப்புறம் எப்படியும் எறங்கத்தான் செய்யும். எறங்கினதும் கையில இருக்கிறதுக்குப் பேர் வந்துடும். நம்பிக்கையிலயும் கொஞ்சம் கொறையும், அது பொய் இல்லை. ஆனா காந்தம் வலியை எடுக்கிறதில்லை. கழுத்துப் பிடிப்புக்குப் போட்டுக்கிட்டா போகட்டும்னு விட்டுடலாம். காயத்துக்கும் ஜுரத்துக்கும் அதை நம்பி உக்காரக்கூடாது."

எனக்கு முகத்துவாரம் மூடிக் கிடந்த மூன்று மாதம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு டாக்டரம்மா போன பிறகு செல்வி என் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள். "நான்தான் நைனா. நான் காப்பு காப்புன்னு பேசாம இருந்தா முன்னாடியே வந்திருப்போம்."

"நீயா குத்தின? உன் மாமன் தண்ணி தண்ணின்னான், நான் சோறு சோறுன்னேன். எல்லாரும்தான் பேசினோம்." சொன்னேனே தவிர, அவள் அழுகை நிற்கவில்லை. ஆறுமுகம் தினமும் போனில் தண்ணி திரும்பிச்சா மாமா என்று கேட்டுக்கொண்டிருந்தவன், அந்த வாரத்தில் கேட்பதை நிறுத்திவிட்டான். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டான்.

சனிக்கிழமை கோவிந்தசாமிக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண் விழித்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"யோவ். உள்ளங்கால் அரிக்குதுயா."

"எந்தக் காலு?"

"போன காலு."

போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது.

"ஆறு வருசம் ஆணி ஏறியும் பேசாம இருந்தான். இப்ப எங்கயோ இருந்து கூப்புடுறான்யா. எங்க கீறான்னு தெரியல, எப்புடிப் போய்ச் சொறியறது?"

அவர் சிரித்தார், நானும் சிரிக்கப் பார்த்தேன். டாக்டரம்மா அப்படி வரும், நரம்புக்குக் கால் போனது தெரியாது என்று அவருக்கு விளக்கினாள். எனக்கு விளக்கம் காதில் ஏறவில்லை. திங்கக்கிழமைக்குப் பிறகு என் கையும் எங்கேயாவது கிடந்து என்னைக் கூப்பிடுமா என்றுதான் யோசித்தேன். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனியை ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளினேன். பாய் முனையைக் கிள்ளுவது போல இருந்தது.

திங்கக்கிழமை காலையில் என்னைச் சாப்பிடவிடவில்லை. எடுப்பதென்றால் வெறும் வயிறு வேண்டும். கன்னியம்மா என் கையை மடியில் வைத்துக்கொண்டு, நகத்தில் ஒட்டியிருந்த மருந்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா வந்து கட்டைப் பிரித்தாள். ஊசி முனையால் சுண்டு விரலைத் தொட்டாள்.

"தெரியுதா?"

"இல்லமா."

அடுத்த விரல். இல்லை. நடு விரல். இல்லை. அவள் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் தள்ளுவண்டியைக் கட்டில் ஓரத்துக்குக் கொண்டுவந்தாள். ஆள்காட்டி விரல். நான் கண்ணை மூடிக்கொண்டு, தெரிகிறது என்று பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அவள் கட்டை விரலின் அடியில், முள் ஏறின இடத்துக்கு ஓரமாக, உப்புத் தண்ணீரை ஊற்றி ஊசியை வைத்தாள்.

வந்தது.

புதிதாக வரவில்லை. பசியாவரத்தில் அந்த மத்தியானம் எந்த இடத்தில் நின்றதோ, அதே இடத்திலிருந்து தொடர்ந்தது. அத்தனை நாளும் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தது போலவும், இப்போதுதான் யாரோ கதவைத் திறந்துவிட்டது போலவும் இருந்தது. நான் டாக்டரம்மாவை அவளுடைய அம்மா வரைக்கும் இழுத்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க ஐயா" என்றாள் அவள். கண்ணில் தண்ணீர்.

கோவிந்தசாமி பக்கத்துக் கட்டிலிலிருந்து கத்தினார். "சொல்லுயா, அதான் டாக்டரம்மாவே கேக்குதுல்ல!"

தள்ளுவண்டியைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்து, பல் கிட்டித்தது. நர்ஸ் வலிக்கு ஊசி கொண்டுவந்தாள். நான் அந்தக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

செல்வி குனிந்து சொன்னாள். "கைய நீட்டு நைனா. ஊசி போட்டா வலி போயிடும்."

"அதான்மா பயமா கீது" என்றேன்.